தெரிவுக் களைநாசினியும் தெளிப்பவர் கையும்

நெல்லும் ஒரு புல். நெல்லின் நடுவே நின்று அதற்கு இட்ட பசளையை உண்ணும் நெற்சப்பியும் கோழிச்சூடனும் புல். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு புற்களுள் ஒன்றை அழித்து மற்றொன்றைக் காக்கும் மருந்து உண்டு என்பது இன்று எந்தக் கமக்காரனுக்கும் வியப்பைத் தருவதன்று. கடைக்குச் சென்று 'புல்லு மருந்து' என்று கேட்டவுடன் போத்தல் கைக்கு வருகின்றது. அந்த வியப்பு அற்றுப்போனமையாலேயே இம்மருந்துகளைப் பற்றி மீண்டும் எழுத வேண்டியிருக்கின்றது. எது எதனை ஏன் கொல்கின்றது, எதனை ஏன் விட்டுவிடுகின்றது என்று அறியாதவர் கையில் தெரிவுக் களைநாசினி தெரிவு செய்வதை நிறுத்திவிடுகின்றது.

இவ்வகை மருந்து முதலிற் பெயர் பெற்றது வயலிலன்று, புற்றரையிலேயாம். 1944 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2,4-டி என்னும் பொருளைப் புற்றரை ஒன்றின் மீது தெளித்தபோது, அகன்ற இலைகளையுடைய களைகள் முறுகி மடிய, புல் ஊறின்றி நின்றது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எம்.சி.பி.ஏ. என்னும் உறவுப்பொருள் தானியப் பயிர்களிற் சோதிக்கப்பட்டது. விளையாட்டு மைதானத்திலும் மாளிகை முற்றத்திலும் தொடங்கிய இம்முறை சில ஆண்டுகளிற் கோதுமைக்கும், பின்னர் நெல்லுக்கும் வந்தது. கீழ்நாட்டுக் கமக்காரனுக்கு அழகுப் புற்றரையாற் பயன் ஏதுமில்லை என்று எண்ணுவோர், இன்று தம் வயலில் அடிக்கும் மருந்தின் பிறப்பிடம் அதுவே என்பதை அறிதல் நன்று.

எம்.சி.பி.ஏ. இயங்கும் விதம் எளிது. தாவரத்தின் வளர்ச்சியை நடத்தும் ஓமோனைப் போல அது நடிக்கின்றது. அகன்ற இலைக் களைகளிலும் கோரை வகைகளிலும் அது இலை வழியாகப் புகுந்து வளரும் இடங்களை அடைந்து, அங்கே ஒழுங்கற்ற வளர்ச்சியை உண்டாக்கித் தண்டை முறுக்கிக் கொல்கின்றது. நெல்லில் வளர்நுனி இலையுறைகளுக்குள் மறைந்திருக்கின்றது. உட்புகும் மருந்தும் எளிதாகப் பரவுவதில்லை. ஆகவே நெல் தப்புகின்றது. ஆயின் அது எப்பொழுதும் தப்புவதன்று. மிக இளம் பயிரிலும், கதிர் உட்கருக்கொள்ளத் தொடங்கிய பயிரிலும் இம்மருந்து தீங்கு செய்யும். தூர்கட்டத் தொடங்கியதற்கும் கதிர் உருவாவதற்கும் இடைப்பட்ட காலமே இதற்கு உரியது. பிந்திவிட்டதே என்று கதிர் வரும் வேளையில் அடிப்பவர் தம் பணத்தைக் கொடுத்துப் பதரை வாங்குகின்றார்.

புரப்பனிலின் வரலாறு இதனினும் படிப்பினை நிறைந்தது. 1960 களின் தொடக்கத்தில் வெளிவந்த இம்மருந்து நெற்சப்பியையே கொன்றது. புல்லிலிருந்து புல்லைப் பிரித்தது. காரணம் நெல்லின் இலையிலுள்ள ஒரு நொதியம். அது புரப்பனிலை விரைவாக உடைத்து நஞ்சற்றதாக்கிவிடும். நெற்சப்பியிடம் அந்நொதியம் போதிய அளவில் இல்லை. இவ்வளவே இரண்டுக்குமிடையே இருந்த வேலி. சேதனப் பொசுபரசு, காபமேற்று வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் இந்த நொதியத்தின் தொழிலைத் தடுத்துவிடும். எனவே, புரப்பனில் அடித்த வயலிற் சில நாட்களுக்குள் அத்தகைய பூச்சிநாசினியை அடித்தாலும், இரண்டையும் ஒரே தாங்கியிற் கலந்து அடித்தாலும், நெல்லும் நெற்சப்பியைப் போலவே எரிந்தது. ஒரு நடையில் இரு வேலை முடியும் என்று கலந்தவர் பலர். மருந்தில் 'கலப்படம்' என்று கடைக்காரரோடு வழக்காடியவரும் உளர். மருந்திற் குற்றமில்லை, வேலியைத் தாமே வெட்டிவிட்டமையை அவர்கள் அறியவில்லை.

சேற்று விதைப்புச் செய்வோர் இன்று விதைத்த சில நாட்களுக்குள் தெளிக்கும் பிரெற்றிலாக்குளோரிலும் இத்தகைய நுட்பம் உண்டு. அதனைத் தனியே அடித்தால் முளைநெல்லும் தாங்காது. ஆதலால் பென்குளோரிம் என்னும் காப்புப் பொருள் அதனுடன் சேர்க்கப்படுகின்றது. முளைத்த நெல் அக்காப்புப் பொருளை உறிஞ்சி, மருந்தை விரைவில் உடைக்கும் ஆற்றலைப் பெறுகின்றது. விதை முளைகொண்டு, வேர் சேற்றைத் தொட்டிருந்தாலே இது கைகூடும். காப்புப் பொருள் சேராத பிரெற்றிலாக்குளோரும் நாற்று நடும் வயல்களுக்கெனக் கிடைப்பதுண்டு. பெயர் ஒன்றென்று எண்ணி அதனை முளைநெல் விதைத்த வயலில் ஊற்றுபவர் விதைநெல்லை இரண்டாம் முறை வாங்க நேரிடும்.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளாலும் விளங்குவது யாதெனில், தெரிவு செய்யும் ஆற்றல் போத்தலுக்குள் மட்டும் அடங்கியதன்று என்பதே. பயிரின் வயது, மருந்தின் அளவு, வயலின் நீர், அதற்கு முன்னும் பின்னும் அடித்த மருந்து ஆகிய யாவும் கூடியே அது நிகழ்கின்றது. 'கொஞ்சம் கூட விட்டால் நன்றாகக் கேட்கும்' என்னும் பழக்கம் பூச்சிமருந்தில் வீண்செலவு. களைமருந்திலோ அது பயிரையே கொல்லும் செயல். நெல் ஒரு குறித்த அளவு வரையிலேயே நஞ்சை உடைக்கவல்லது. அவ்வளவைக் கடந்தால் நெல்லும் களையே.

அளவைப் பற்றிய பிழை பெரும்பாலும் பேராசையால் வருவதன்று, கணக்கில்லாமையால் வருவது. சுட்டுத்துண்டில் ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். தெளிப்பவரோ தாங்கிக்கு இவ்வளவு என்று ஊற்றுகின்றார். இரண்டுக்குமிடையே பாலம் ஒன்று வேண்டும். தாங்கியில் வெறும் தண்ணீரை நிரப்பி, வயலில் 10 பேர்ச் நிலத்தை அளந்து, வழக்கமான நடையில் தெளித்துப் பார்த்தாற் போதும். எடுத்துக்காட்டாக, அதற்கு 8 லீற்றர் சென்றதாயின், 160 பேர்ச் கொண்ட ஓர் ஏக்கருக்கு 128 லீற்றர், அதாவது 16 லீற்றர்த் தாங்கியில் எட்டுத் தாங்கி. சுட்டுத்துண்டில் உள்ள ஏக்கர் அளவை எட்டாற் பிரித்தால் ஒரு தாங்கியின் அளவு கிடைக்கும். வேறொருவர் வேறு நடையில் தெளித்தால் இக்கணக்கு மாறும். அரைமணி நேரத்து வேலை இது. ஒரு போகத்துக்கு ஒரு முறையேனும் இதனைச் செய்யும் கமக்காரர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

இவ்விடத்திற் கூலியைப் பற்றியும் கூற வேண்டும். பல ஊர்களில் மருந்தடிப்பவருக்குத் தாங்கிக் கணக்கிற் கூலி கொடுக்கப்படுகின்றது. எட்டுத் தாங்கிக்குரிய கூலியைச் சேமிக்க எண்ணும் சொந்தக்காரர், எட்டுத் தாங்கியின் மருந்தை ஐந்தில் அடக்கிவிடுகின்றார். கடுங்கரைசல் சில இடத்தில் நெல்லை எரிக்கின்றது. தண்ணீர் போதாமையால் வேறு இடங்களிற் களை நனையாமலே நிற்கின்றது. முதுகிற் கசியும் தாங்கியைச் சுமந்து நடக்கும் கூலியாளின் தோலிலும் அதே கடுங்கரைசலே படுகின்றது. மருந்தைத் தெரிவு செய்தவர் ஒருவர், அளந்தவர் ஒருவர், நஞ்சை ஏற்பவர் இன்னொருவர். கூலியை ஏக்கர்க் கணக்கிலோ நாட்கணக்கிலோ கொடுப்பதே நேர்மையானது. களைக்கட்டுப்பாட்டுக்கும் அதுவே ஏற்றது.

நெற்செய்கையோடு மரக்கறியும் செய்வோருக்கு ஓமோன் வகைக் களைநாசினியால் வரும் ஆபத்து தனியானது. மிளகாய், கத்தரி, தக்காளி, பயற்றை, பூசணி, வெற்றிலை, முந்திரிகை ஆகிய யாவும் அகன்ற இலைத் தாவரங்கள். எம்.சி.பி.ஏ. அவற்றைக் களையென்றே கொள்ளும். காலையில் வயலுக்கு எம்.சி.பி.ஏ. அடித்த தெளிகருவியைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு மாலையில் மிளகாய்த் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கொண்டுசெல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தாங்கியின் சுவரிலும் குழாயிலும் இறப்பர்ப் பகுதிகளிலும் ஒட்டியிருக்கும் சிறு எச்சமே தோட்டத்துக்குப் போதும். சில நாளில் இலைக்காம்பு வளைந்து, இலை ஒடுங்கிக் கிண்ணம் போற் குழிந்து, நுனி முறுகும். கமக்காரர் அதனை இலைச்சுருட்டு நோயென்று எண்ணி, அதே தெளிகருவியால் மீண்டும் பூச்சிமருந்து அடிக்கின்றார். நோயைப் பரப்பும் பூச்சியைத் தேடுவதற்கு முன், முன்னர் அத்தாங்கியில் இருந்தது எது என்று கேட்டால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். களைநாசினிக்கென ஒரு தெளிகருவியை ஒதுக்கி, அதன் மேல் மையாற் பெரிதாக எழுதி வைப்பதே ஏற்ற வழி. இருவர் மூவர் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் நட்டமில்லை. ஒரு தோட்டத்து மிளகாய் அதனிலும் விலை கூடியது.

காற்றும் அவ்வாறே எல்லையை மதிப்பதில்லை. வடக்கிற் சோளகம் எழும் மாதங்களிலும், கிழக்கிற் கச்சான் வீசும் சிறுபோகத்திலும் பகல் ஏறிய பின் தெளிக்கும் மருந்தின் ஒரு பகுதி அயற்காணிக்கே செல்கின்றது. காற்று அடங்கிய அதிகாலையே தக்க வேளை. பூச்சிமருந்துக்குரிய கூம்புத் தெளிமுனை புகை போன்ற நுண்துளிகளை உண்டாக்குவது. அவை வெகுதூரம் மிதந்து செல்லும். களைநாசினிக்கு விசிறி வடிவாகத் தெளிக்கும் தட்டைத் தெளிமுனையே உரியது. அதனைத் தாழ்த்திப் பிடித்து, குறைந்த அமுக்கத்தில், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து தெளித்தால் துளி பயிரிலும் படும், தெளிப்பவர் மேலும் படாது. வயலுக்கு அருகே பிறர் தோட்டம் இருப்பின் முதல் நாளே அவருக்குச் சொல்லிவிடுவது மரியாதை மட்டுமன்று. அவர் வேண்டாமென்றால் அவ்வெல்லையிற் சில யார் அகலத்தைக் கையாற் களைந்துவிடலாம்.

இந்நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு பெறாத மருந்தை விற்றல் ஆகாது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் களை மிகுந்த வயல்களோடு தவித்த கமக்காரரிடம், எழுத்தறியா மொழியிற் சுட்டுத்துண்டு ஒட்டியனவும் சுட்டுத்துண்டே இல்லாதனவுமான போத்தல்கள் இரகசியமாக வந்து சேர்ந்தன. அத்தட்டுப்பாட்டில் வாங்கியவரைக் குறை கூறுவது எளிது, நியாயமன்று. ஆயினும் சுட்டுத்துண்டு இல்லாத போத்தலில் இருப்பது தெரிவுக் களைநாசினியா, யாவற்றையும் கொல்லும் மருந்தா என்பதைக் கண்ணாற் காண இயலாது. தமிழில் வாசிக்கக்கூடிய சுட்டுத்துண்டு இல்லாத எதனையும் நெல்லின் மேல் தெளித்தல் ஆகாது.

களையும் வெறுமனே நின்று சாவதில்லை. பல போகங்களில் ஒரே மருந்தையே தெளித்த வயல்களில் புரப்பனிலுக்கு அசையாத நெற்சப்பி இலங்கையிலும் தோன்றியது. 1990 களில் அது ஆராய்ச்சியாளரின் கவனத்துக்கு வந்தது. வேறு நாடுகளில் அத்தகைய களையை ஆராய்ந்தபோது, நெல்லைக் காத்த அதே நொதியம் அக்களையிலும் மிகுந்திருக்கக் காணப்பட்டது. நெல்லின் வித்தையைக் களை கற்றுக்கொண்டது என்று கூறினும் பொருந்தும். புரப்பனிலின் இடத்துக்கு வந்த பிசுபைரிபக் சோடியம் போன்றவற்றுக்கும் இதே கதி நேரும் என்பதில் ஐயமில்லை; அவ்வகை மருந்துகளுக்குக் களைகள் இன்னும் விரைவாகப் பழகிவிடுகின்றன. இதற்குப் பரிகாரம் அளவைக் கூட்டுவதன்று. வேறு பெயருடைய போத்தலை வாங்குவதும் அன்று. ஏனெனில் இரு வியாபாரப் பெயர்களின் கீழ் ஒரே பொருள் விற்கப்படுவதுண்டு. சுட்டுத்துண்டிற் சிறிய எழுத்திலுள்ள உயிர்ப்புக் கூறின் பெயரைப் பார்த்து, வேறு வழியிற் கொல்லும் மருந்தை மாற்றிப் பயன்படுத்த வேண்டும். அதற்கு விவசாயப் போதனாசிரியரைக் கேட்பதில் இழிவு ஏதுமில்லை.

மருந்துக்குத் தப்பி நிற்கும் சில களைகளை விதை உதிருமுன் கையாற் பிடுங்கிவிடுவது யாவற்றிலும் மலிவான காப்பு. ஒரு நெற்சப்பி ஆயிரக்கணக்கான விதையை உதிர்க்கும். இளமையில் அதனை நெல்லினின்றும் பிரித்தறிவது கடினம் என்பார்க்கு ஓர் அடையாளம் உண்டு. இலை உறையோடு சேரும் இடத்தை விரித்துப் பார்த்தால், நெல்லில் மெல்லிய தோல் போன்ற நாக்கு ஒன்றும் இரு சிறு காதுகளும் காணப்படும்; நெற்சப்பியிலும் கோழிச்சூடனிலும் இவை இரா. களைபிடுங்க வரும் பெண்களுள் முதியோர் பலர் இதனை எவரும் கற்பியாமலே அறிவர். பன்றிநெல்லோ நெல்லின் இனமேயாதலால், வழமையான எந்தத் தெரிவுக் களைநாசினியாலும் அதனை நெற்பயிரினின்றும் பிரிக்க இயலாது. சுத்தமான விதைநெல்லும், வேறு வயலிலிருந்து வரும் அறுவடை இயந்திரத்தைத் துப்புரவாக்கி இறக்குவதுமே அதற்குரிய வழிகள்.

அவ்வாறாயின் களைநாசினி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். கூலியாட்கள் கிடைக்காத காலத்தில், மூன்று ஏக்கர் விதைத்த குடும்பத்தைக் கையாற் களைபிடுங்கு என்று சொல்வது நகரத்திலிருந்து சொல்லத்தக்க அறிவுரை. முதல் நாற்பது நாட்களிற் களையை வெல்லாத வயல் பின்னர் வெல்வதில்லை. உயர்ந்து வளர்ந்த பழைய நெல்லினங்கள் தம் நிழலாற் களையை ஓரளவு அடக்கின. குட்டையான புதிய இனங்களுக்கு அவ்வலிமை குறைவு. ஆயினும் களைநாசினி முதற்படையன்று. நன்கு மட்டப்படுத்திய வயலில், பயிர் நிலைகொண்ட பின் இரண்டு மூன்று அங்குலம் நீர் நிற்குமாயின், நெற்சப்பி விதைகளிற் பெரும்பகுதி முளையாது. மேடும் பள்ளமுமான வயலில் மேட்டிலே களை முளைக்கின்றது, பள்ளத்திலே மருந்து தேங்குகின்றது. அங்கே எந்த மருந்தும் சீராக வேலை செய்யாது.

தெளிப்பவரின் உடலைப் பற்றிச் சுட்டுத்துண்டில் எழுதியிருப்பவை யாவும் இவ்வெயிலில் எவராலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. ஆகவே விடவே கூடாதனவற்றைக் கூறுவதே பயன் தரும். நீர் கலவாத மருந்தை அளக்கும்போதே பேராபத்து. அப்பொழுது கையுறை வேண்டும், கையால் கலக்குதல் கூடாது. அடைத்த தெளிமுனையை வாயால் ஊதுதல் ஆகாது. நீண்ட கைச்சட்டையும் காற்சட்டையும் அணிந்து, வேலை முடிந்து சவர்க்காரம் இட்டுக் குளிக்கும் வரை வெற்றிலையும் பீடியும் விலக்குக. அலசிய நீரை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றாது, மருந்தடித்த அதே வயலிலேயே தெளித்துவிடுக. வெறும் போத்தலை மும்முறை கழுவித் துளையிடுக. மண்ணெண்ணெய்க்கு அது உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுசெல்லற்க. எஞ்சிய மருந்தைப் பூட்டி வைக்க வேண்டியது குழந்தைகளுக்காக மட்டுமன்று. ஒரு கணத்துச் சினத்திலும் துயரத்திலும் கைக்கெட்டிய போத்தலால் இந்நாட்டுக் கமக்குடும்பங்கள் இழந்த உயிர்கள் அநேகம். பரகுவாற்று 2008 ஆம் ஆண்டு தொடக்கம் படிப்படியாக விலக்கப்பட்டமைக்கு அதுவே காரணம். பரகுவாற்று போனாலும் ஏனைய போத்தல்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

இறுதியாகத் தண்ணீர். எம்.சி.பி.ஏ., பிசுபைரிபக் முதலிய இலைவழி மருந்துகளுக்கு வயலின் நீரை வடித்துக் களையின் இலை வெளியே தெரிய நிற்கச் செய்து தெளித்தல் வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் மீண்டும் நீரைக் கட்டுதல் வேண்டும். அந்நீர் வராவிடின் புதிய களை முளைத்து, மருந்துச் செலவு வீணாகும். அவ்வாறு கட்டிய நீரைச் சில நாட்களுக்கு வரம்பை வெட்டிக் கீழே விடுதலும் ஆகாது. வாய்க்காலின் கடைவாயில் உள்ளோர் அதிலே குளிக்கின்றனர், மாடுகள் அதிலே நீர் அருந்துகின்றன. கமக்காரர் தனித்து நின்று இதனைச் செய்ய இயலாது. இரணைமடுவிலும் உன்னிச்சையிலும் கல்லோயாவிலும் நீர் முறை வைத்தே விடப்படுகின்றது. தன் முறை வருவதற்கு ஐந்து நாள் இருக்கையில் வயலை வடித்து மருந்தடிப்பவருக்கு எந்த மருந்தும் பயன்படாது. போகத் தொடக்கக் கூட்டங்களில் விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் முடிவு செய்யப்படுகின்றன. களைநாசினியைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. ஒரே வாய்க்காலில் உள்ளோர் ஒரே வாரத்தில் விதைத்து, வடிக்கும் நாளையும் நீர் கட்டும் நாளையும் வட்டவிதானையோடு அக்கூட்டத்திலேயே குறித்துக்கொள்வார்களாயின், இன்று இருமுறை அடிக்கும் வயல்கள் பலவற்றில் ஒருமுறை அடித்தாற் போதும். வரும் பெரும்போகக் கூட்டத்தில் இதனை எழுப்ப ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். குறிப்புப் புத்தகத்தில் இரண்டு திகதிகளுக்கு அருகே மூன்றாவது ஒன்றை எழுத இடம் இருக்கின்றது.